அயர்லாந்தின் ஆண் பெயர்கள்: பொருளும் ஒலிப்பும் - ஒரு மதிப்பீடு

அயர்லாந்தின் ஆண் பெயர்களைப் பொருளோடும் ஒலிப்போடும் தொகுத்துத் தரும் நூல்களும் பட்டியல்களும் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை ஒரே அமைப்பில் இருக்கும். முதலில் பெயர், அடுத்து 'வீரன்', 'அரசன்', 'நெருப்பு' என ஒரு சொல்லில் பொருள், கடைசியில் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு கட்டிய தோராயமான ஒலிப்பு. பொருளை உறுதியாகவும் ஒலிப்பைத் தோராயமாகவும் சொல்வது இப்பட்டியல்களின் இயல்பு. உண்மை நிலை இதற்கு நேர்மாறானது. ஐரிஷ் மொழியில் பெயரின் ஒலிப்பு விதிகளுக்குள் அடங்கியது. கற்றுக்கொண்டால் முன்பின் பார்த்திராத பெயரையும் ஏறக்குறையச் சரியாகப் படித்துவிடலாம். பொருளோ பல பெயர்களுக்கு அறிஞரிடையே இன்றும் தீராத வழக்காக இருக்கிறது. அயர்லாந்து மக்களிடமிருந்து வரலாற்றில் பறிபோனதும் பெயரின் ஒலிதான். எனவே இப்பட்டியல்களின் பிழையை வெறும் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது.

பொருள் என்னும் வலை

பொருள் தெளிவாகத் தெரியும் பெயர்களும் உண்டு. கஹல், தோனல், துவஹல் என்னும் மூன்று பழைய பெயர்களின் இறுதியிலும் 'ஆள்பவன்' என்னும் ஒரே பழஞ்சொல் தேய்ந்து நிற்கிறது. கஹல் போரை ஆள்பவன், தோனல் உலகை ஆள்பவன், துவஹல் குடியை ஆள்பவன். வேல்ஸ் மொழியிலும் இவற்றுக்கு இணையான வடிவங்கள் இருப்பதால் இது ஊகம் அன்று, நிறுவப்பட்ட செய்தி. ஃபெர்கஸ் என்பது 'ஆண்', 'ஆற்றல்' என்னும் இரு சொற்களின் சேர்க்கை. ரூரீ என்பது 'செந்நிற அரசன்'. கீரான் என்பதில் 'கரிய' என்னும் பண்புச்சொல்லோடு 'ஆன்' என்னும் சிறுமை விகுதி சேர்ந்திருக்கிறது. ஆகவே அது 'கருப்பு' அன்று, 'சின்னக் கறுப்பன்'. கறுப்பன் என்று பிள்ளைக்குப் பெயரிட்டு வளர்ந்த நம்மவருக்கு இதன் செல்லம் உடனே புரியும். ஒஷீன் என்பதும் இப்படித்தான்: 'மான்குட்டி'. பெரும் வீரன் ஃபின்னுக்கும், மானாக மாற்றப்பட்ட சைவ் என்னும் பெண்ணுக்கும் பிறந்தவன் அவன் என்று கதை சொல்கிறது.

விலங்குப் பெயர்களில் நாய்க்குத் தனி இடம் உண்டு. 'கூ' என்றால் வேட்டை நாய். வீரனைப் புகழ அதைவிடச் சிறந்த சொல் அக்காலத்தில் இல்லை. அல்ஸ்டர் கதைகளின் நாயகன் கூஹுலின் பிறந்தபோது பெற்ற பெயர் ஷேடன்டா. கொல்லன் குலனின் காவல் நாயைச் சிறுவனாக இருக்கையில் கொன்றுவிட்டு, அதற்கு ஈடாகத் தானே காவல் நின்றதால் 'குலனின் நாய்' ஆனான். கொனல், கொனஹூர் முதலிய பெயர்களின் முதற்பகுதியும் இந்த நாய்தான். 4ஆம் நூற்றாண்டு முதல் கல்லில் கோடுகளாக வெட்டப்பட்ட ஓகம் எழுத்துகளில் 'குன' என்று தொடங்கும் பெயர்கள் கிடைக்கின்றன. அதுவே பின்னர் 'கொன்' எனத் தேய்ந்தது. ஓகம் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை 'இன்னாருடையது, இன்னார் மகனுடையது' என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அயர்லாந்தின் எழுத்து வரலாறே பெயர்ப் பட்டியலாகத் தொடங்குகிறது எனலாம்.

சிக்கல் இதற்கப்பால் வருகிறது. பிரையன் என்னும் பெயரைப் பட்டியல்கள் 'உயர்ந்தவன்' என்று ஐயமின்றி எழுதுகின்றன. 1014இல் கிளான்டார்ஃப் போரில் மாண்ட பிரையன் போரு என்னும் அரசனால் புகழ்பெற்ற இப்பெயரின் மூலம் உறுதிப்படவில்லை. 'குன்று' என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவது ஒரு கருத்து மட்டுமே. நீயல் என்பதற்கு ஒரு பட்டியல் 'மேகம்' என்னும், இன்னொன்று 'வாகை சூடியவன்' என்னும். கிலியன் என்பதன் வேர் 'கோயில்' எனவும் 'சண்டை' எனவும் சொல்லப்படுகிறது. தேவாலயமும் சண்டையும் ஒரே பெயருக்குப் பொருளாக நிற்பதைக் கண்டாவது தொகுப்பவர்கள் சற்றுத் தயங்கியிருக்க வேண்டும்.

இன்னொரு வகைப் பிழை, வெளியிலிருந்து வந்த பெயர்களைப் பழங்குடி வீரப் பெயர்களாகக் காட்டுவது. அமெரிக்காவில் 2017 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்ற லியம், வில்லியம் என்பதன் ஐரிஷ் வடிவமான உல்லியம் என்பதன் பின்பாதி. அதன் வேர் ஜெர்மானியம். ஷான் என்பது நார்மானியர் கொண்டுவந்த பிரெஞ்சு வடிவத்தின் வழி வந்த யோவான். ஷேமஸ் என்பது யாக்கோபு. கொலம் என்பது இலத்தீனில் 'புறா'. இதனால் இவை அயர்லாந்தின் பெயர்கள் அல்ல என்று ஆகிவிடாது. எண்ணூறு ஆண்டுகள் ஒரு மண்ணில் புழங்கிய பெயர் அந்த மண்ணுக்கே உரியது. 'பழைய கெல்டிய வீரப் பெயர்' என்று முத்திரை குத்துவதுதான் தவறு.

அயர்லாந்து என்றதும் நினைவுக்கு வரும் பாட்ரிக் என்னும் பெயரின் கதை இவ்வகையில் சுவையானது. இலத்தீனில் 'உயர்குடிப் பிறந்தவன்' என்று பொருள்படும் இப்பெயரை ஐரிஷ்காரர்கள் பல நூற்றாண்டுகள் பிள்ளைகளுக்கு நேரடியாக இடவில்லை. புனிதரின் பெயரை அப்படியே சூட்டுவது மரியாதைக் குறைவு எனக் கருதி, 'பாட்ரிக்கின் அடியவன்' என்று பொருள்படும்படி முன்னே ஒரு சொல்லைச் சேர்த்தே இட்டனர். அதற்கு 'மேல்' அல்லது 'கில்லா' என்னும் இரு முன்னொட்டுகள் பயன்பட்டன. முன்னது தலை மழித்தவனையும் பின்னது பணியாளையும் குறிக்கும். நம்மிடையே இராமதாசன், சிவனடியான் என்பன போன்ற அமைப்பு. பாட்ரிக் தனிப்பெயராகப் பரவியது 17ஆம் நூற்றாண்டிலிருந்துதான். ஆயிரம் ஆண்டுகளாக வீட்டுக்கு வீடு இருந்த பெயர் போல இதைக் காட்டும் பட்டியல்கள் இந்தப் பணிவை மறைத்துவிடுகின்றன.

தொகுப்புகள் எல்லாமே இப்படி என்று சொல்லிவிட முடியாது. டோனகா ஓ கொராயின், ஃபிடெல்மா மக்வயர் இருவரும் 1981இல் வெளியிட்ட தொகுப்பு இடைக்கால வம்சாவளிகளையும் ஆண்டுக் குறிப்புகளையும் புனிதர் பட்டியல்களையும் கொண்டு ஒவ்வொரு பெயரும் யாரால், எக்காலத்தில் தாங்கப்பட்டது என்று காட்டுகிறது. பொருள் ஐயத்துக்குரியது என்றால் அப்படியே எழுதிவிடுகிறது. லிமரிக் பகுதிப் பாதிரியார் பாட்ரிக் வுல்ஃப் 1923இல் வெளியிட்ட பெருந்தொகுப்பின் வலிமை வேறிடத்தில். ஒரு ஐரிஷ் பெயர் ஆங்கிலத்தில் எத்தனை உருவங்களில் சிதறியது என்பதை அதில்தான் பார்க்க வேண்டும்.

எழுத்தும் ஒலியும்

ஐரிஷ் எழுத்துக்கூட்டலைக் கேலி செய்வது ஆங்கிலம் படித்தவர்களின் பழைய பொழுதுபோக்கு. டி, ஏ, டி, எச், ஜி என ஐந்து எழுத்துகளை வைத்துக்கொண்டு 'தைக்' என்று படிப்பது எப்படி என்பார்கள். ஆங்கில விதியால் படித்தால் எந்த மொழியும் குழப்பமாகத்தான் தோன்றும். ஐரிஷ் மரபில் பதினெட்டு எழுத்துகளே உண்டு. அவற்றைக் கொண்டு மிகுதியான ஒலிகளைக் காட்டச் சில வழிகளை அம்மொழி வகுத்துக்கொண்டது.

முதல் வழி 'எச்'. ஒரு மெய்யின் பின் வரும் 'எச்' அம்மெய் மெலிந்துவிட்டது என்பதற்கு அடையாளம். முன்பு மெய்யின் மேல் ஒரு புள்ளி வைத்தார்கள். அச்சில் புள்ளியின் இடத்தை 'எச்' பிடித்தது. 'பி'யும் 'எம்'மும் மெலிந்தால் வகரம் போன்ற ஒலி. 'டி' என்னும் வல்லெழுத்து மெலிந்தால் வெறும் ஹகரம், அதனால்தான் 'கதல்' என்று எழுதத் தோன்றும் பெயர் 'கஹல்' ஆகிறது. பந்து என்பதில் கேட்கும் தகர ஒலியும், தங்கம் என்பதில் கேட்கும் ககர ஒலியும் சொல்லின் நடுவிலோ இறுதியிலோ மெலிந்தால் பெரும்பாலும் கரைந்தே போகும். 'தைக்' என்பதில் நடுவில் நிற்கும் இரண்டு எழுத்துகள் கரைந்து முன்னுள்ள உயிரை ஐகாரமாக்கிவிட்டன. நெருப்பு என்று பொருள்படும் மிகப் பழைய பெயர் நான்கு எழுத்துகளில் எழுதப்பட்டு 'ஈ' என்னும் ஒரே நெடிலாக ஒலிக்கிறது. பெயர் முழுவதும் ஒரே உயிரெழுத்து!

இரண்டாவது வழி, ஒவ்வொரு மெய்யையும் இரு வகையாக ஒலிப்பது. பக்கத்தில் 'இ' அல்லது 'எ' நின்றால் மெல்லிய வகை, 'அ', 'ஒ', 'உ' நின்றால் அகன்ற வகை. மெல்லிய சகரம் ஷகரமாகும். எனவே ஷான், ஷேமஸ், ஒஷீன். பெயர்களின் நடுவே தேவையற்றவை போலத் தோன்றும் உயிரெழுத்துகள் பல ஒலிப்பதற்காக வந்தவை அல்ல, பக்கத்து மெய்யின் வகையைக் காட்ட வந்த காவலர்கள். இதைச் சொல்லாமல் பெயருக்குப் பெயர் ஒலிப்பை மட்டும் தரும் பட்டியல், வாய்பாடு சொல்லித்தராமல் விடையை மட்டும் எழுதிப்போடுவது போன்றது.

மூன்றாவது, உயிரின் மேல் இடும் சாய்கோடு. 'ஃபாடா' என்பது அதன் பெயர், 'நெடியது' என்று பொருள். இதன் முக்கியத்துவத்தைத் தமிழ் படித்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. படு வேறு, பாடு வேறு. கோடு இட்டால் ஷான், யோவான் என்னும் பெயர். கோட்டை விட்டுவிட்டால் 'ஷன்', 'பழைய' என்னும் பண்புச்சொல். 'குட்டி அரசன்' என்று பொருள்படும் ரீயன் கோட்டை இழந்தால் 'தடம்' என்னும் சாதாரணச் சொல்லாகிவிடும். அலுவலகக் கணினிகள் பல இந்தக் கோட்டை ஏற்காமல் திருப்பிவிட்டதால் பிள்ளைகளின் பெயர்கள் ஆவணங்களில் குறிலாகவே நின்றன. 2021இல் நிறைவேறிய அலுவல் மொழிகள் திருத்தச் சட்டம் பொது அமைப்புகள் பெயரின் கோட்டை மதிக்க வேண்டும் என்ற கடமையை விதித்தது. ஒரு நெட்டுயிருக்காகச் சட்டம் வேண்டியிருந்தது.

பட்டியல்கள் தொடாத இன்னொரு செய்தி, விளி. ஐரிஷில் ஒருவரைக் கூப்பிடும்போது பெயரின் முதல் மெய் மெலியும், இறுதியும் மாறும். ஷேமஸ் என்பவரைக் கூப்பிட்டால் 'அ ஹேமிஷ்'. ஸ்காட்லாந்தில் இந்த விளி வடிவமே பிரிந்து ஹேமிஷ் என்னும் தனிப்பெயர் ஆனது. முருகன் என்பவர் கூப்பிடும்போது முருகா ஆவதை எட்டாம் வேற்றுமையாகக் கற்ற தமிழ் மாணவர்களுக்கு இது புதிதன்று. ஆங்கிலம் வழி வந்த பட்டியல்களுக்கு இது கண்ணில் படாததில் வியப்பும் இல்லை.

பறிபோன பெயர்கள்

19ஆம் நூற்றாண்டில் பள்ளிப் பதிவேடும் பிறப்புப் பதிவும் ஆங்கிலத்தில் வந்தபோது ஒவ்வொரு ஐரிஷ் பெயருக்கும் ஒரு ஆங்கில இணை தேவைப்பட்டது. தைக் 'டிமொதி' ஆனான். டியர்மட் 'ஜெரமையா' ஆனான். கொனஹூர் 'கொர்னீலியஸ்', கஹல் 'சார்லஸ்', ஈ 'ஹியூ'. இவற்றில் பொருளும் பொருந்தாது, ஒலியும் பொருந்தாது. முதலெழுத்தோ ஒரு மெல்லிய ஓசை ஒற்றுமையோ இருந்தால் போதும் என்று ஒட்டவைத்தவை. தமிழ்க் கத்தோலிக்கர் யோவானை அருளப்பர் என்றபோது பொருளையாவது கொண்டுவந்தார்கள். இங்கே அதுவும் இல்லை. இந்தப் பழக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஈ மோர் ஓ நேல் வரலாற்று நூல்களில் ஹியூ ஓ'நீல் என்றே நிற்கிறார். தைக் என்னும் பெயர் வட அயர்லாந்தில் கத்தோலிக்கரை இழித்துரைக்கும் வசைச்சொல்லாகவும் மாறியது. 'கவிஞன்' என்று பொருள் எழுதி நகர்ந்துவிடும் பட்டியல் இந்த வசையைக் குறிப்பிடுவதில்லை. ஒரு பெயரின் முழு வாழ்க்கையில் இதுவும் அடங்கும்.

1892இல் டக்ளஸ் ஹைட் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் ஐரிஷ் மக்கள் தம் பெயர்களைத் தாமே வெட்கி மாற்றிக்கொள்வதைக் கடுமையாகக் கண்டித்தார். 1905இல் இது நீதிமன்றம் வரை வந்தது. டோனகால் பகுதியைச் சேர்ந்த கவிஞர் நீயல் மக் கில்லா வ்ரீட தம் வண்டியில் பெயரை ஐரிஷில் எழுதியிருந்தார். வண்டியில் உரிமையாளர் பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஐரிஷில் எழுதியது படிக்கத்தக்கது அன்று என வழக்கு. அவருக்காக டப்ளினில் வாதாடியவர் பாத்ரிக் பியர்ஸ், பின்னர் 1916 எழுச்சியின் தலைவர். வழக்கு தோற்றது. அந்தக் கவிஞரின் குடிப்பெயரையே பாருங்கள். 'பிரிகிட்டின் அடியவனுடைய மகன்' என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அது மக்பிரைட். நடுவிலிருந்த அடியவன் காணாமற்போய், புனிதப் பெண்ணின் பெயர் மணப்பெண் என்னும் ஆங்கிலச் சொல்லின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது.

இந்த இழப்பைப் படம்பிடித்த இரு படைப்புகளை ஒப்பிடுவது பயன் தரும். மைல்ஸ் ந கொபலீன் என்னும் புனைபெயரில் பிரையன் ஓ'நோலன் 1941இல் ஐரிஷ் மொழியில் எழுதிய 'வறிய வாய்' என்னும் நையாண்டி நாவலில், முதல்நாள் பள்ளிக்கு வந்த சிறுவனிடம் ஆசிரியர் ஆங்கிலத்தில் பெயர் கேட்கிறார். அவன் தன் வழக்கப்படி தந்தை, பாட்டன், பூட்டன் என்று அடுக்கத் தொடங்குகிறான். சொல்லி முடிப்பதற்குள் தலையில் அடி விழுகிறது. அவன் பெயர் ஜேம்ஸ் ஓ'டானல் என்று அறிவிக்கப்படுகிறது. அடுத்த சிறுவனுக்கும் அதே அடி, அதே பெயர். வகுப்பில் உள்ள எல்லோருக்கும் அதுதான். வீட்டில் கேட்டால், ஊரில் எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் முதல்நாள் இப்படித்தான் என்கிறாள் தாய். வகுப்பறையில் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடும் எவரையும் இந்தப் பக்கங்கள் சும்மா விடாது. சிரிக்கவைத்துவிட்டு நெஞ்சில் தைக்கும். ஓ'டானல் என்பது தோனலின் வழித்தோன்றலைக் குறிக்கும் ஐரிஷ் பெயர்தான் என்பதையும் மறக்கக்கூடாது. உலகை ஆள்பவனின் பெயரே அடிவாங்கிய பிள்ளைகளின் பொதுப்பெயராக ஆங்கில உருவில் திரும்பி வருகிறது.

பிரையன் ஃப்ரீல் எழுதி 1980இல் டெர்ரி நகரில் முதலில் அரங்கேறிய 'மொழிபெயர்ப்புகள்' நாடகம் 1833இல் நடப்பது. நில அளவைக்காக ஊர்ப்பெயர்களை ஆங்கிலமாக்கும் படையினருக்கு உதவ வரும் உள்ளூர் இளைஞன் ஓவனை அதிகாரிகள் 'ரோலண்ட்' என்று அழைக்கிறார்கள். அவன் திருத்தவில்லை. பெயர்தானே, ஆள் அதே ஆள்தானே என்பது அவன் சமாதானம். பின்னர் ஒரு காட்சியில் உண்மைப் பெயரைச் சொல்லிவிட, இருவரும் சிரித்துக் கொண்டாடுகிறார்கள். நாடகம் நுட்பமானது, ஐயமில்லை. ஆனால் மேடையில் மீட்கப்படும் 'ஓவன்' ஆங்கில எழுத்துக்கூட்டலில் உள்ள ஓவன். ஐரிஷ் பாத்திரங்கள் பேசுவதாகப் பாவிக்கப்படும் ஐரிஷையும் ஆங்கிலமாகவே தரும் உத்தியை ஃப்ரீல் தேர்ந்ததால் வேறு வழி இல்லை. அதனால் மைல்ஸின் வகுப்பறையில் உறைக்கும் அளவுக்குப் பெயரின் இழப்பு இங்கே காதில் விழுவதில்லை. அங்கே சிறுவன் ஐரிஷில் தன் வம்சத்தைச் சொல்கிறான், அடி ஆங்கிலத்தில் விழுகிறது.

தமிழில் எழுதும்போது

தமிழ்ச் செய்திகளில் இப்பெயர்கள் ஆங்கில எழுத்தின் வழியே வருவதால் தடுமாறுகின்றன. 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக 2024இல் ஆஸ்கர் விருது பெற்ற நடிகரின் பெயர் 'சிலியன்' என்றும் எழுதப்பட்டது. ஐரிஷில் 'சி' எழுத்துக்குச் சகர ஒலியே கிடையாது. எங்கு வந்தாலும் ககரம்தான். எனவே கிலியன். 1995இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஹீனியின் பெயரைச் 'சீமஸ்' என்பதும் பிழை, ஷேமஸ் என்பதே சரி.

2021இல் துபாயில் நடந்த ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் சென்னையிடம் தோற்ற கொல்கத்தா அணியின் தலைவர் மோர்கன் டப்ளினில் பிறந்தவர். அவருடைய முதற்பெயரைத் தமிழ் இதழ்கள் 'இயான்' என்று எழுதின. ஓவின் என்பதே நெருங்கிய ஒலி. வேடிக்கை என்னவென்றால், இயான் என்பது ஸ்காட்லாந்தில் வழங்கும் யோவான், ஓவின் என்பது அயர்லாந்தில் ஷானுக்கும் முன்பே வந்து சேர்ந்த யோவான். தவறிப்போன எழுத்து பங்காளி வீட்டில் போய் நின்றிருக்கிறது.

உண்மையில் இப்பெயர்களை எழுத ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்து பல இடங்களில் வசதியானது. குறில் நெடில் வேறுபாடு எழுத்திலேயே இருப்பதால் ஃபாடாவுக்குத் தனிக்குறி வேண்டியதில்லை. ஐரிஷின் அகன்ற தகரம் பல்லில் நா படிந்து பிறப்பது, தமிழ்த் தகரத்தைப் போன்றது. எனவே 'டைக்' என்பதைவிடத் 'தைக்' என்பதே பொருத்தம், இறுதி ககரத்தைத் தங்கம் என்பதில் போல ஒலித்தால். கொலம் என்பதில் லகரத்துக்கும் மகரத்துக்கும் இடையே எழுத்தில் இல்லாத உயிர் ஒன்று ஒலியில் நுழைகிறது. 'ஃபில்ம்' என்பதைப் 'பிலிம்' ஆக்கிய வாய்க்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஷகரமும் ஹகரமும் இல்லாமல் எழுத முயல்வதுதான் வீண். ஷானைச் சான் என்றும் கஹலைக் ககல் என்றும் எழுதினால், கிரந்தம் தவிர்த்த நிறைவு எழுதியவருக்குக் கிடைக்கும். கூப்பிட்டால் அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கமாட்டான்.